ஓடக்கரை நகரில் யாருக்கும் புகார் இல்லை

அடையாற்றில் ஊரக நலச் சமூகக் காரணிகள் ஆய்வு நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது. கிராமத்து மனிதன் ஏன் நோயில் விழுகிறான் என்று கண்டுபிடிக்க ஐந்து மாடி, நூற்று எண்பது பேர், மூலைக்கு மூலை குளிர்சாதனம். வரவேற்பறையின் நடுவில் ஒரு குடிசை கட்டி வைத்திருக்கிறார்கள். அசல் களிமண், அசல் பனையோலை. ஆராய்ச்சியாளர்கள் கிராமத்தை மறந்துவிடக் கூடாதாம். குடிசைக்குள் நுழைய அடையாள அட்டை வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை, பதினோரு மணிக்கு, தாயம்மா அந்தக் குடிசைக்குப் பக்கத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். மறு கையில் சுருட்டிய காலண்டர்.

தாயம்மா நாலு வருஷம் முன்புவரை பட்டணத்துக்காரி. ஆற்றங்கரையில் ஓடக்கரை நகரில், நூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் நாற்பத்தேழாவது வீட்டில் பிறந்து, அதே வரிசையில் கல்யாணமாகி, மந்தைவெளியில் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்து வந்தவள். ஒருநாள் காலையில் லாரி வந்தது. ஆற்றை அழகுபடுத்தப் போகிறோம், ஏறு என்றார்கள். முப்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி, வேப்பம்புலியூர் ஊராட்சியில், வயல் நடுவே நட்டு வைத்த எட்டு மாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் இறக்கிவிட்டார்கள். ஏறும்போது நகர்ப்புற ஏழை, இறங்கும்போது கிராமப்புற ஏழை. ஒரு மனுஷியைக் கிராமத்தாளாக்க இரண்டரை மணி நேரமும் ஒரு லாரியும் போதும் என்பதை உலகத்தில் முதலில் நிரூபித்தவர்கள் நாம்தான். லிப்ட் திறப்பு விழாவன்று ஒரு தடவை மேலே போனது. இன்னும் கீழே வரவில்லை.

காலண்டர், அவள் இப்போதும் பஸ் ஏறிப் போய் வேலை செய்யும் ஒரே மந்தைவெளி வீட்டின் சுவரில் மாட்டியிருந்தது. நிறுவனம் வெளியிட்டது. மார்ச் மாதத்துப் படத்தில் பச்சைப் பசேல் என்று ஒரு புல்வெளி. அடியில் எழுத்து: 'ஓடக்கரை நகர். மாநிலத்திலேயே ஆரோக்கியமான கிராமம். தினமும் செவிலியர் வருகை.' வீட்டு அம்மாள் அதைப் படித்துக் காட்டியதும் தாயம்மா கையிலிருந்த குக்கர் மூடியைக் கீழே போட்டாள். தினமும் நர்ஸ் வருகிறாளா? எங்கே?

நர்ஸ்தான் அவளுக்கு வேண்டும். மகள் மணிமொழி எட்டு மாசம். முகம் வீங்கி, கால் வீங்கி, தலைவலி தலைவலி என்று சுவரில் முட்டுகிறாள். பெரிய பிரசவ ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை கூட்டிப்போனாள். 'எந்த ஊர்? வேப்பம்புலியூரா? உங்க ஊர் நர்ஸ் எழுதின கர்ப்பிணி அட்டை எங்கே? அதை வாங்கிக்கிட்டு வா' என்று இரண்டு தடவையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். போன வருஷம் முதல் பிரசவத்துக்கும் இதே கதைதான். அந்தக் குழந்தை ஷேர் ஆட்டோவிலேயே பிறந்து, வண்டலூர் வருவதற்குள் குளிர்ந்துவிட்டது.

பேரும் ஊரும் தெரிந்ததும் இயக்குநர் முனைவர் முத்துகிருஷ்ணன் தாயம்மாவை வாசல்வரை வந்து அழைத்துப் போனார். கதர் ஜிப்பா, தோளில் சணல் பை, மேஜைமேல் வெள்ளி டம்ளரில் கம்பங்கூழ்.

"வாங்கம்மா, வாங்க! பதினாறு வருஷமா கிராமத்தைப் பத்தி ஆய்வு பண்றேன். ஒரு கிராமத்து ஜனம் நேர்ல வந்து நின்னது இதான் முதல் தடவை."

"நான் மெட்ராசு தான் சார்."

"அது பழைய தாயம்மா" என்றார் கனிவாக. "உக்காருங்க. என்ன கஷ்டம்?"

தாயம்மா சொன்னாள். வீக்கம், தலைவலி, அட்டை, ஒரு நாளைக்கு இரண்டே பஸ், ஆறு மாடிப் படி. ஷேர் ஆட்டோவுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டாள். முத்துகிருஷ்ணன் கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்டார். கேட்கக் கேட்க முகத்தில் ஒரு சந்தோஷம் பரவியது.

"போக்குவரத்து, சமூகக் காரணி ஏழு. படிக்கட்டு, பதினொண்ணு. அட்டை, இருபத்திமூணு. பிரமாதம்! தாயம்மா, உங்க பொண்ணு கால் வீங்கறதுக்குக் காரணம் கால் இல்ல. கட்டமைப்பு."

"அதுக்கு மாத்திரை எதுனா கீதா சார்?"

"மாத்திரை குடுக்கறது நாங்க இல்லம்மா. நாங்க ஏன்னு சொல்றவங்க."

"ஏன்னு எனக்கே தெரியும் சார். நர்சு இல்ல."

முத்துகிருஷ்ணன் சிரித்துக்கொண்டே ஒரு பொத்தானை அழுத்தி, சுவரை ஒரு வரைபடத்தால் நிரப்பினார். மாநிலம் முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக இருந்தது. ஓரத்தில் ஒரே ஒரு பச்சைப் புள்ளி.

"இதான் உங்க ஊர். நாலு வருஷமா ஒருத்தருக்கும் ஒரு தும்மல்கூட இல்ல. நர்ஸ் இல்லைன்னு யார் சொன்னது? அமீனா பீன்னு ஒருத்தங்க தினம் உங்க வீட்டு வாசலுக்கே வராங்க."

"எந்த வாசலுக்கு?"

"நாற்பத்தேழு, ஓடக்கரை நகர்."

"அத்த இடிச்சிட்டாங்களே சார். நாங்க அங்க இல்லியே."

"ஆய்வு பத்து வருஷத்துக்கும்மா" என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வதுபோல. "ஆள் மாறலாம், ஊர் மாறலாம், ஆத்துல தண்ணிகூட மாறலாம். முகவரியை மாத்தினா சாம்பிள் கெட்டுப் போயிடும். நீங்க கிராமத்துக்குப் போயிட்டீங்க, அதனால நீங்க கிராமம். உங்க முகவரி அடையாறு, அதனால கிராமம் அடையாத்துல இருக்கு. சுகாதாரத் துறை எங்க பட்டியலைப் பாத்துத்தான் நர்ஸை அனுப்பும். வெள்ளிக்கிழமை தி.நகர்ல உங்க ஊருக்கு விருது. வருவீங்கதானே?"

தாயம்மா விருதைப் பற்றி யோசிக்கவில்லை. வாசலில் நர்ஸ் என்பது மட்டுமே காதில் நின்றது. நிறுவனத்திலிருந்து ஆற்றங்கரை பத்து நிமிஷ நடை. நடந்தாள்.

கம்பி வேலிக்குள் புல். நடுநடுவே தப்பிப் பிழைத்த சிவப்புத் தரைத் துண்டுகள், மொட்டையாக நிற்கும் ஒரு வாசற்படி, தலையில்லாத அடிபம்பு. ஒவ்வொரு வீடு இருந்த இடத்திலும் நிறுவனம் ஒரு கட்டை அடித்து எண் எழுதியிருந்தது. ஒரு மனிதர் குடை பிடித்துக்கொண்டு கட்டைக்குக் கட்டை நடந்தார். தாயம்மா வேலிக்கு இப்புறம் நின்று பார்த்தாள்.

அவர் பரத்வாஜ், களப்பணியாளர். ஐம்பத்தைந்து வயது, மயிலாப்பூர். கட்டையின் முன்னால் செருப்பைக் கழற்றுவார். தொண்டையைச் செருமுவார். பேரை மூன்று தடவை கூப்பிடுவார். ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் முப்பது விநாடி. பிறகு, "தேக சௌக்கியம் எப்படி இருக்கு? ஏதாவது உபத்திரவம் உண்டோ?" என்று காற்றைக் கேட்பார். பதிவேட்டில் எழுதுவார். செருப்பை மாட்டுவார். தினமும் நூற்றுப் பன்னிரண்டு வீடு. தொண்டைக்கு நிறுவனம் மாதம் ஒரு பாட்டில் தேன் கொடுக்கிறது.

நாற்பத்தேழுக்கு வந்தார்.

"பஞ்சாட்சரம்!"

தாயம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் புருஷன் பேர். அதை யாரும் அப்படி உரக்கக் கூப்பிட்டுக் கேட்டு மூன்று வருஷமாகிறது.

"பஞ்சாட்சரம்!"

வாசற்படியைப் பார்த்தாள். அதில்தான் உட்கார்ந்து பல் துலக்குவான். கூப்பிட்டால் உடனே எழ மாட்டான். மூன்றாவது குரலுக்குத்தான் வாயைக் கொப்பளித்துவிட்டு, தோள் துண்டை உதறிக்கொண்டு வருவான்.

"பஞ்சாட்சரம்!"

காற்று ஆற்று நாற்றத்தை ஒரு தடவை கொண்டுவந்துவிட்டுப் போனது. தாயம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். புல் அசைந்தது. அவ்வளவுதான்.

"தேக சௌக்கியம் எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பரத்வாஜ் எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னார்: "பதில் இல்லை. புகார் இல்லை. நலம்."

"யோவ்! அவரு செத்து மூணு வருசம் ஆவுது!" என்று தாயம்மா வேலியோரத்திலிருந்து கத்தினாள். "அங்க போன மொத வருசமே, நெஞ்சு வலின்னாரு, வண்டி கெடைக்கல!"

பரத்வாஜ் மூக்குக் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. அதுதான் இதில் சங்கடம்.

"அடடா. அதான் புகார் இல்லை" என்றார் மெல்ல. "நேக்கு ரெண்டே கட்டம்தான் குடுத்திருக்காம்மா. புகார் உண்டு, புகார் இல்லை. மூணாவது கட்டம் வேணும்னு நாலு வருஷமா எழுதிண்டிருக்கேன்."

"நான் தான் தாயம்மா. இங்க கீறேன். எழுதிக்க."

"நீங்க வேலிக்கு வெளில நிக்கறேள். ஆத்துக்குள்ளேர்ந்து, அதாவது வீட்டுக்குள்ளேர்ந்து, சொன்னாத்தான் பதில்" என்றவர், வருத்தத்தோடு அவள் பேரையும் மூன்று தடவை கூப்பிட்டு, அவளுக்கும் நலம் போட்டுவிட்டு நாற்பத்தெட்டுக்குப் போனார்.

வேலிக்குள் ஓரமாகத் தூங்குமூஞ்சி மரத்தடியில் மடக்கு மேஜை, எடை மெஷின், ரத்த அழுத்தக் கருவி. வெள்ளைப் புடைவையில் அமீனா பீ. திருவல்லிக்கேணிக்காரி. நாலு வருஷமாகத் தினமும் எட்டு மணிக்கு வந்து உட்கார்கிறாள். கருவி துருப்பிடிக்கக் கூடாதென்று தன் கையிலேயே கட்டி அழுத்தம் பார்த்துக்கொள்வாள். எடை மெஷினில் தினமும் தண்ணீர் கேனை நிறுத்துவாள். கேன் ஆரோக்கியமாக இருந்தது.

"நீ நெஜமான ஆளாம்மா?" என்றாள் தாயம்மாவைப் பார்த்து. கேலி இல்லை. உண்மையாகவே கேட்டாள். "கோச்சிக்காத. அந்த ஐயரு கூப்பிடக் கூப்பிட எனக்கு யாரோ எந்திரிச்சு வர்ற மாதிரியே இருக்கும். போன மழைக்கு ஒரு நாள், அந்த அடிபம்புகிட்ட வரிசையா கொடம் வெக்கிற சத்தம். யா அல்லா, நான் மேஜையோட வீட்டுக்கு ஓடிட்டேன்."

தாயம்மா மகளைப் பற்றிச் சொன்னாள். அமீனா பீ முகம் மாறியது.

"கண்ணு மங்குதா? மேல்வயிறு வலிக்குதா?"

"ரெண்டும் கீது."

"நான் இந்த வேலிய தாண்டி வைத்தியம் பாக்கக் கூடாது. நீ நாளைக்கே அவள இட்டுக்கினு வா. அவ எடத்துல நிக்கட்டும். கூப்பிட்டா பதில் சொல்லட்டும். மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

மறுநாள் விடியலில் மணிமொழி ஆறு மாடியை உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். ஒவ்வொரு மாடியிலும் ஒரு காரணியைத் திட்டினாள், எண் தெரியாமலே. இரண்டு பஸ் மாறி ஓடக்கரை வந்து சேர மணி பத்தரை.

"இன்னாம்மா இது, வெறும் பில்லு" என்றாள் வேலிக்குள் நுழைந்து. "நம்ப அடுப்பு எங்க இருந்துது?"

"நீ நிக்கிற எடம்தான்."

மணிமொழி சட்டென்று ஓரடி தள்ளி நின்றாள், சுட்டுவிடும் என்பதுபோல.

பரத்வாஜ் வந்து, செருப்பைக் கழற்றி, எதிரில் நிற்பவளைப் பார்க்காமல் விதிப்படி ஆற்றைப் பார்த்துக் கூப்பிட்டார். "மணிமொழி!"

"இங்க தான் கீறேன்."

பேனா கீழே விழுந்தது. நாலு வருஷம், ஆயிரத்துச் சொச்சம் நாள், ஒரு நாளைக்கு நூற்றுப் பன்னிரண்டு வீடு. ஒருத்தரும் பதில் சொன்னதில்லை. பரத்வாஜ் அந்த மொட்டை வாசற்படியில் உட்கார்ந்து, மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். பிறகு கேட்டார்: "தேக சௌக்கியம்..."

"செத்துக்கினு கீறேன்."

'புகார் உண்டு' கட்டத்தில் முதல் தடவையாக மை பட்டது.

அமீனா பீ அழுத்தம் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். நூற்று எழுபது, கீழே நூற்றுப் பத்து. "இன்னிக்கே அட்மிட் ஆவணும்" என்று புது அட்டையை எடுத்து எழுத ஆரம்பித்தாள். ஆனால் அட்டை எழுதினால் அதைக் கைப்பேசியில் ஏற்ற வேண்டும். ஏற்றிய நாலாவது நிமிஷம் அடையாற்றில் பச்சைப் புள்ளி மஞ்சளானது. பத்தாவது நிமிஷம் இரண்டு கார்கள் வந்து வேலியோரம் நின்றன.

முத்துகிருஷ்ணன் வேர்த்துப் போயிருந்தார். பின்னால் புள்ளியியல் பிரிவினர் நாலு பேர்.

"யாரு பதில் சொன்னது?"

"நான் தான்" என்றாள் மணிமொழி. அவளால் நிற்க முடியவில்லை. தாயம்மா தோளில் சாய்ந்திருந்தாள்.

"ஏம்மா சொன்னே? நாலு வருஷ உழைப்பு! வெள்ளிக்கிழமை விருது!" என்றார் அவர். "நீ தப்பா நினைக்கக் கூடாது. உன் வலியை என் வலியா நினைக்கிறவன் நான். ஆனா ஒரு நோயாளி வந்தா நூறு பேர் வருவாங்க. நோய் பரவறது கிருமியால இல்லம்மா, கவனிப்பால. இந்த ஊர்ல ஏன் நோயே இல்லை? யாரும் யாரையும் சோதிச்சுப் பாக்கல. அந்தத் தூய்மையைத்தான் உலகத்துக்கே காட்டப் போறோம். அதுல நீ வந்து நிக்கறே, ரத்த அழுத்தத்தோட!"

"அட்டையில ஒரு கையெழுத்து போடுங்க சார், நீங்க போட்டாத்தான் செல்லும்" என்றாள் அமீனா பீ. "நேரம் போயிக்கினு கீது."

"அதிக அபாயம்னு எழுதின அட்டைக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? ஆரோக்கிய கிராமத்துல அபாயம் இருக்க முடியாதே?"

"என் பொண்ணு சாவப் போறா சார்" என்றாள் தாயம்மா. "ஒண்ணு ஏற்கெனவே வண்டியில போச்சி. அத்த எந்தக் கட்டத்துல போட்ட நீ?"

புள்ளியியல் பிரிவினர் பதிவேட்டில் குனிந்து தேடினார்கள். அந்தக் குழந்தைக்குப் பேர் வைக்கவில்லை. பேர் இல்லாததைக் கூப்பிட முடியாது. கூப்பிடாததைக் கட்டத்தில் போட முடியாது.

அவர்களில் ஒருவர் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். பதில் வாபஸ் படிவம். 'மேற்படி நாளில் மேற்படி இடத்தில் நான் இல்லை, என் குரலும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இப்படி ஒரு படிவத்தை யார் எப்போது யோசித்து அச்சடித்தார்கள் என்று கேட்காதீர்கள். நிறுவனங்களுக்குத் தொலைநோக்கு உண்டு.

மணிமொழி படிவத்தைப் பார்த்தாள். கண் மங்கலில் எழுத்து தெரியவில்லை. தாயம்மா அதைப் பிடுங்கிக் கிழிக்கப் போனாள். மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நா இல்லன்னே எழுதிக்க சார். எத்தினி தபா வேணாலும் எழுதிக்க. என் கொழந்தைய மட்டும் உட்டுடு."

கையெழுத்துப் போட்டாள். பச்சை மறுபடி பச்சையானது. முத்துகிருஷ்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அமீனா பீ அந்தப் படிவத்தையும் மணிமொழியையும் மாறி மாறிப் பார்த்தாள். "சார், ஒரு சந்தேகம். இவ இப்போ இல்லாத ஆளு. இல்லாத ஆளுக்கு நான் அட்டை எழுதினா யாரு கையெழுத்து வேணும்?"

முத்துகிருஷ்ணன் யோசித்தார். புள்ளியியல் பிரிவைப் பார்த்தார். அவர்கள் விதிப் புத்தகத்தைப் புரட்டி உதட்டைப் பிதுக்கினார்கள்.

"தேவையில்லை" என்றார். "இல்லாதவங்களுக்கு எது பண்ணினாலும் எண்ணிக்கையில வராது."

"அவ்ளதான கேட்டேன்" என்று அமீனா பீ மூன்று வரியில் அட்டையை எழுதி முடித்து, முத்திரை குத்தி, மேஜையை அப்படியே விட்டுவிட்டு, பாலத்தடியில் நின்ற ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டாள். பரத்வாஜ் குடையைப் பிடித்துக்கொண்டே ஆட்டோவரை கூட வந்தார். ஆஸ்பத்திரியில் அட்டையைப் பார்த்ததும் தள்ளுவண்டி வந்தது. மறுநாள் பகல் இரண்டு மணிக்குப் பெண் குழந்தை. ஒரு கிலோ எழுநூறு. கண்ணாடிப் பெட்டிக்குள் பதினெட்டு நாள் இருந்து, பத்தொன்பதாம் நாள் தாயம்மா மடிக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை விருது விழாவும் நன்றாகவே நடந்தது. தி.நகர் மண்டபத்தில், மேடைமேல் ஓடக்கரை நகர் சார்பாக ஒரு காலி நாற்காலி போட்டு அதற்குச் சால்வை போர்த்தினார்கள். நாற்காலி ஏற்புரை ஆற்றவில்லை என்பதைப் பலரும் அடக்கம் என்று பாராட்டினார்கள்.

விஷயம் வேப்பம்புலியூரில் மாடி மாடியாக இறங்கியது. எட்டு மாடி ஜனமும் சட்டத்தைப் புரிந்துகொண்டது. பதில் சொன்னால் வைத்தியம் இல்லை. சொல்லாவிட்டால் உண்டு.

இப்போது செவ்வாய்க்கிழமைதோறும் காலை பத்தரைக்குப் பாலத்தின்மேல் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் பக்கம் வந்து எட்டிப் பார்க்கிறார்கள். சிலர் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். கீழே புல்வெளியில், கட்டைக்கு ஒருவராக, அறுபது எழுபது பேர் அசையாமல் நிற்கிறார்கள். வயிற்றைத் தாங்கிய பெண்கள், இருமலை முந்தானைக்குள் அடக்கும் கிழவர்கள், சர்க்கரைப் புண்ணில் துணி சுற்றிய ஆண்கள். யாரும் யாரோடும் பேசுவதில்லை. அமீனா பீ கருவியை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போய், கையைத் தூக்கி, கட்டி, அழுத்தி, காதோடு மாத்திரை நேரம் சொல்லிவிட்டு நகர்கிறாள். அதே நேரம் பரத்வாஜ் பேரைக் கூப்பிட்டுக்கொண்டே வருகிறார். ஒரு முழத்துக்கு எதிரில் நிற்கும் மனுஷர் ஆற்றைப் பார்க்கிறார். பரத்வாஜ் பதிவேட்டைப் பார்க்கிறார். பதில் இல்லை. புகார் இல்லை. நலம்.

இரண்டு மாசம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை தாயம்மா, மணிமொழி, குழந்தை மூன்று பேரும் வந்தார்கள். குழந்தைக்கு எடை பார்த்தாயிற்று. தண்ணீர் கேன் ஒதுங்கி நின்றது. பரத்வாஜ் நாற்பத்தேழுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, பஞ்சாட்சரத்தை மூன்று தடவை கூப்பிட்டார். தாயம்மாவை மூன்று தடவை. மணிமொழியை மூன்று தடவை. கூப்பிட்ட மூன்று பேரும் ஒரே மாதிரி சும்மா இருந்தார்கள்.

எழுதி முடித்தவர் நகரவில்லை. பேனாவை மூடினார். மணிமொழி தோளில் குழந்தை கண்ணை அகல விரித்து அவர் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"குழந்தைக்குப் பேர் வெச்சாச்சோ?" என்று கேட்டார் பரத்வாஜ்.

இது படிவத்தில் இல்லாத கேள்வி. மனுஷர் தானாகக் கேட்டது. தாயம்மா வாயைத் திறந்தாள். வேலிக்கு அப்பால் நிறுவனத்துக் கார் ஒன்று மெதுவாக ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. சுற்றிலும் அறுபது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தாயம்மா வாயை மூடிக்கொண்டாள்.

அவர் முப்பது விநாடி காத்திருந்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு நாற்பத்தெட்டுக்குப் போனார்.